நீர்ப்பூக்களை அறிதல்

நீர்நிலையில் பூக்கும் மலர்களையெல்லாம் தாமரை என்றே சுட்டுவோர் உண்டு. பழந்தமிழரோ அவற்றை நுட்பமாக வேறுபடுத்தி அறிந்திருந்தனர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 மலர்களுள் தாமரையும் ஆம்பலும் குவளையும் தனித்தனியே வைத்து எண்ணப்பட்டுள்ளன.

இலையின் அமைப்பு

பூவாத காலத்திலும் இவற்றை இலையால் இனங்காணலாம். தாமரையின் முதிர்ந்த இலை, நீர்மட்டத்திற்கு மேல் குடைபோல் உயர்ந்து நிற்கும். வட்டமான அவ்விலையில் பிளவு இராது. காம்பு அடிப்புறத்தின் நடுவில் பொருந்தியிருக்கும். அல்லி எனப்படும் ஆம்பலின் இலையோ நீர்மேல் படிந்து மிதக்கும். அதன் விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு பிளவு காணப்படும். ஆம்பல் இலையின் விளிம்பு பற்களைப் போன்றது; அடிப்புறத்தில் மென்மயிர் உண்டு. நீலக்குவளையின் இலையும் பிளவுடையதே. எனினும் அதன் அடிப்புறம் மயிரின்றி வழவழப்பாக இருக்கும்.

மலரின் அமைப்பு

தாமரை மலரின் நடுவே, தலைகீழ்க் கூம்பு வடிவில் பொகுட்டு அமைந்துள்ளது. அதன் குழிகளில் விதைகள் நீருக்கு மேலேயே முற்றுகின்றன. ஆம்பலிலும் குவளையிலும் இத்தகைய பொகுட்டு இல்லை. அவற்றின் காய்கள் நீருக்குள் அமிழ்ந்து முதிர்கின்றன. மலரும் பொழுதும் வேறு. தாமரை காலையில் விரியும். நீலக்குவளை பகலில் மலர்ந்திருக்கும். ஆம்பலோ இரவில் மலர்ந்து முற்பகலில் குவியும். தோற்றத்தில் ஒத்திருப்பினும், தாவரவியலார் தாமரையை ஆம்பலின் குடும்பத்தில் சேர்க்காமல் தனிக்குடும்பமாகவே வகைப்படுத்துகின்றனர்.

பெயரளவில் தாமரை

வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இதனை ஆகாயத்தாமரை என்றும் அழைப்பர். பெயரில் தாமரை இருப்பினும் இது தாமரை இனமன்று. இதன் இலைக்காம்பு வெங்காயம்போல் பருத்து, உள்ளே காற்றறைகளைக் கொண்டிருக்கும். இளஊதா மலர்கள் கொத்தாகப் பூக்கும். மேலிதழில் மஞ்சள் புள்ளி ஒன்று விளங்கும். தாமரையும் ஆம்பலும் சேற்றில் வேரூன்றுவன. இதன் வேர்களோ நீரில் தொங்குகின்றன.

இச்செடி விரைந்து பெருகி நீர்ப்பரப்பை மூடுகிறது. அதனால் ஒளி தடைப்படுகிறது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது, மீன்கள் மடிகின்றன. மலரின் அழகில் மயங்கி இதனைக் குளத்தில் விடுவோர் அக்குளத்திற்கே கேடு செய்கின்றனர். வேறுபாடு அறியாது குளத்தைத் தூய்மை செய்வோர் களையோடு ஆம்பலையும் குவளையையும் அகற்றிவிடக்கூடும். எனவே, எதனைக் களைவது, எதனைக் காப்பது என்னும் தெளிவு, இலையையும் மலரையும் உற்றுநோக்குவதிலிருந்தே தொடங்குகிறது.