முட்டி புதுசு... போலாம் ரைட்!

“நீங்க எழுந்திருக்கவே வேணாம்ப்பா. காபி, டிபன், பேப்பர், டி.வி. ரிமோட்... எல்லாம் கட்டிலுக்கே வந்துடும்!”

பாசமுள்ள எந்த மகனும் பேசுகிற டயலாக்தான். நானும் பேசினேன். அந்தப் பாசத்துக்கு மூன்றாவது வாரம் செம டோஸ் கிடைத்தது! உங்கள் வீட்டிலும் ‘முட்டி வலிக்குதுடா’ என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அப்பா ரிடையர்டு பஸ் கண்டக்டர். சேலத்தில் டவுன் பஸ்ஸில் 30 வருஷ சர்வீஸ். உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தால் பிரயாணிக்கு மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. நின்றபடியே கொடுத்தார். பிரயாணிகள் எல்லாம் அவரவர் ஸ்டாப்பிங்கில் இறங்கிப் போய்விட்டார்கள். முட்டி வலி மட்டும் இறங்கவே இல்லை!

தைலம் தேய்த்தோம். பெல்ட் மாட்டினோம். ஊசியும் போட்டாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்து சூப் வைத்தோம். சூப் பிரமாதம். முட்டி அப்படியே இருந்தது. வலது முட்டியில் ஜவ்வு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டினார் டாக்டர். ஆபரேஷன் முடிவானது.

கழற்றி மாட்டும் சமாசாரம் இல்லை

முட்டி மாற்று ஆபரேஷன் என்றதும், ஸ்கூட்டர் ஸ்பேர் பார்ட் மாதிரி பழசைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சொத்தைப் பல்லைச் சீவி ‘கேப்’ போடுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. தொடை எலும்பின் அடிமுனை, அதற்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனை இரண்டையும் சில மில்லிமீட்டர் மட்டும் சீவிவிட்டு உலோகத்தைப் பொருத்துகிறார்கள். நடுவே வழுக்கிக்கொண்டு போக ஒரு கெட்டி பிளாஸ்டிக். சுற்றியிருக்கும் தசை, நரம்பு, தோல் எல்லாம் பழசுதான். சங்கதி அங்கேதான் இருக்கிறது!

இப்போது போடுகிற முட்டிகளுக்கெல்லாம் முன்னோடி, 1974-ல் நியூயார்க்கில் டாக்டர் ஜான் இன்சால் குழுவினர் பொருத்திய முட்டி. அந்தக் குழுவில் நம் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத்தும் இருந்தார். பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் 2000-ல் இடது முட்டி, 2001-ல் வலது முட்டி மாற்றியவரும் அவரேதான். அன்றைக்கு இது பெரிய மனிதர்கள் சமாசாரம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு போட்டது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்த கோபால்ட்-குரோமியம் முட்டி 54,720 ரூபாய்க்கு இறங்கியது. கண்டக்டர் வீட்டுக்கும் எட்டியது.

தலையணை செய்த துரோகம்

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அப்பாவை எழுப்பி நிறுத்தி, வாக்கரைக் கையில் கொடுத்து நாலு அடி நடக்க வைத்துவிட்டார்கள். ‘அடடா, வேலை முடிந்தது’ என்று வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆபீசில் மேனேஜரிடம் கெஞ்சி 10 நாள் லீவும் வாங்கியிருந்தேன்.

மடக்கி நீட்டும் பயிற்சிகளைப் பேப்பரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். செய்தால் வலிக்கிறது. அப்பா பல்லைக் கடிப்பார். “நாளைக்குப் பார்த்துக்கலாம்டா” என்பார். “சரிப்பா, ரெஸ்ட் எடுங்க” என்பேன். முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை வைப்பேன். “அப்பாடா!” என்பார். அந்த ‘அப்பாடா’வைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்காது.

மூன்றாவது வாரம் பிஸியோதெரபி பார்க்க ஒரு பெண் வந்தார். ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானியை நீளமாக்கின மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியை முட்டியில் வைத்து அளந்தார். முகம் மாறியது.

“முட்டிக்கு அடியில யார் சார் தலையணை வெச்சது?”

“நான்தாங்க. அப்பாவுக்கு வலிக்குதேன்னு...”

“அதனாலதான் கால் நேரா நீட்டவே வரலை. மடக்கினா 65 டிகிரி! இந்நேரம் 90 வந்திருக்கணும். ஆறாவது வாரமும் இப்படியே இருந்தா, மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்கி விட வேண்டியிருக்கும்.”

அப்புறம் நடந்தது ஒரு குட்டிக் கிளாஸ். சமதரையில் நடக்கவே முட்டி சுமார் 65, 70 டிகிரி மடங்க வேண்டுமாம். படி ஏற 85. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 95, 100. புண் ஆறும்போது உள்ளே தழும்புத் திசு வளர்கிறது. காலை அசைத்துக்கொண்டே இருந்தால் அது இளகி வழி விடும். சும்மா வைத்திருந்தால் இறுகிப் பூட்டிவிடும். போதாக்குறைக்கு முதல் மாசத்தில் முன்தொடைத் தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது.

“டாக்டர் முட்டியைத்தான் மாத்த முடியும் சார். நடையை ஐயாதான் சம்பாதிக்கணும். நீங்க தூக்கி விட வேணாம். பக்கத்துல நின்னு எண்ணினா போதும்” என்றார்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏம்மா, பஸ் ஏற எத்தனை டிகிரி வேணும்?”

“டவுன் பஸ் படி உயரம் ஜாஸ்திங்க ஐயா. 100 இருந்தா தைரியமா ஏறலாம்.”

ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக...

அன்று ராத்திரியே காலண்டர் தாளின் பின்பக்கம் அப்பா ஒரு ரூட் எழுதினார். 65 பழைய பஸ் ஸ்டாண்ட். 80 நாலு ரோடு. 90 அஞ்சு ரோடு. 100 ஜங்ஷன்!

லீவு தீர்ந்துவிட்டது. காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் 20 நிமிஷம், சாயங்காலம் வந்ததும் 20 நிமிஷம் என் ‘டியூட்டி’. நடுவில் அம்மா செக்கிங் இன்ஸ்பெக்டர். தலையணையைத் தூக்கிப் பரண் மேல் போட்டோம். சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில் போனது. முட்டி தானாகத் தாழ்ந்து நேராகும். தண்ணீர் பாட்டில் கட்டிலை விட்டு எட்டத்துக்குப் போனது. பேப்பரை வாசலுக்கு வந்துதான் எடுக்க வேண்டும்.

எல்லாம் சினிமாப் பாட்டு மாதிரி ஒரே ரீலில் முடிந்துவிடவில்லை. நாலாவது வாரம் ஒருநாள் சாயங்காலம், முட்டி வீங்கிச் சூடாக இருந்தது. ஏழாவது தடவை மடக்கும்போது அப்பா கத்திவிட்டார்.

“போடா! பழைய முட்டியே தேவலைடா. உனக்கென்ன, எண்ணிட்டுப் போயிடுவே!”

கண்ணில் தண்ணீர். பாட்டி செத்தபோதுகூட அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ‘விடுங்கப்பா, ரெஸ்ட் எடுங்க’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. முழுங்கினேன். ஐஸை டவலில் சுற்றி முட்டி மேல் வைத்துவிட்டு, பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

“எத்தனைல விட்டோம்?” என்றார்.

“ஏழுப்பா.”

“எட்டு...” என்று அவரே ஆரம்பித்தார்.

ஆறாவது வாரம் டாக்டர் அளந்தார். 98. மயக்க ஊசி கேன்சல்! “ஜங்ஷனுக்கு ரெண்டு ஸ்டேஜ் பாக்கி” என்றார் அப்பா. டாக்டருக்குப் புரியவில்லை.

மகன்களே, நோட் பண்ணிக்கோங்க!

* வலி மாத்திரையை, டாக்டர் சொன்ன அளவில், பயிற்சிக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் ஐஸ்.

* முட்டிக்கு அடியில் தலையணை கூடவே கூடாது.

* படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைத்தடி எப்போதும் ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.

* வீக்கமும் லேசான சூடும் சில மாசம் இருக்கும். தழும்புக்குப் பக்கத்தில் மரத்துப் போவதும், முட்டி ‘டக் டக்’ என்பதும் சகஜம். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம்.

* கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், காய்ச்சல், தையலில் நீர் கசிவு என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108.

* தரையில் சம்மணம், குத்த வைத்து உட்காருவது எல்லாம் பலருக்கும் திரும்ப வராது. இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டையும் தயார் பண்ணிவிடுங்கள்.

மூன்றாவது மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாப்பிங்கில் நானும் அப்பாவும். டவுன் பஸ் வந்து நின்றது. தாங்கிப் பிடிக்க நீண்ட என் கையை நானே பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கம்பியைப் பிடித்தார். இடது கால் மேலே. ஒரு மூச்சு. புது முட்டி பின்னாலேயே போனது.

“பெருசு, மெதுவா! உட்காருங்க” என்றார் இளவட்டக் கண்டக்டர். அப்பா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி, “டிக்கெட் கொடுக்கிறவன்தாண்டா நிக்கணும். வாங்கறவன் உட்காரலாம்” என்றார்.

நானும் ஏறிவிட்டேனா என்று பார்த்தார். அடுத்த நொடி, பழக்க தோஷம்...

“போலாம் ரைட்!”

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். விசிலை வாய்க்குக் கொண்டுபோன கண்டக்டர் அப்படியே முழித்தார்!