கடல் கடந்த தொட்டில்

தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு செல்வது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். புக்ககத்தில் எத்தனை வசதி இருந்தாலும், அந்தச் சமயத்தில் பெண்ணின் மனம் தாயின் முகத்தையே நாடும். இதை அறிந்த நமக்கு, அமெரிக்க மாதர் சிலரின் செய்கை வியப்பாகத் தோன்றக்கூடும். உத்தியோகத்தை முன்னிட்டோ விவாகத்தை முன்னிட்டோ அயல்நாடுகளில் குடியிருக்கும் இவர்கள், கர்ப்பமுற்றதும் தாய்நாட்டுக்கு விமானம் ஏறுவதில்லை; இருக்கும் இடத்திலேயே பிள்ளை பெற்றுக்கொள்வதென்று தீர்மானிக்கிறார்கள். செல்வத்தில் தலைசிறந்த தேசம் தங்களுடையதாயிருக்க, அதை விட்டு அந்நியர் கையில் தங்கள் உயிரை ஏன் ஒப்புவிக்கிறார்கள்?

பணமும் உயிரும்

முதற் காரணம் பணம். 2022-ல் வெளியான ஒரு கணக்குப்படி, உத்தியோக வழியாக இன்ஷூரன்ஸ் பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குக் கர்ப்பகாலம், பிரசவம், பின் பராமரிப்பு எல்லாவற்றுக்குமாக ஆகும் வைத்தியச் செலவு சராசரி 18,865 டாலர். அதில் 2,854 டாலரைக் குடும்பத்தாரே கைப்பொறுப்பில் கொடுக்க வேண்டும். உத்தியோகத்தை விட்டுக் கடல் கடந்தவர்களுக்கோ அந்த இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் இராது.

இரண்டாவது, ஓய்வு. பிரசவித்தவளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை அளிக்கும் சட்டம் தேசம் முழுமைக்குமாக அங்கே இல்லை. 1993-ல் செய்த சட்டம் 12 வாரங்கள் விடுமுறை தருகிறது. ஆனால் சம்பளம் கிடையாது. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கம்பெனிகளை அச்சட்டம் கட்டுப்படுத்துவதும் இல்லை. சில மாகாணங்கள் மட்டும் தாமாகவே சம்பளத்துக்கு வழி செய்திருக்கின்றன. ஸ்வீடனிலோ தாய் தந்தை இருவருக்குமாகச் சேர்த்து ஒரு குழந்தைக்கு 480 நாட்கள் உதவித் தொகையுடன் விடுமுறை உண்டு.

மூன்றாவது காரணம் உயிரைப் பற்றியது. 2023-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 18.6 தாய்மார் மாண்டனர். கறுப்பினப் பெண்களிடையே அது 50.3. ஹாலந்திலும் ஸ்வீடனிலும் இந்த எண் அமெரிக்காவினதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

ஹாலந்தின் தாதி

ஹாலந்தில் குடியேறிய அமெரிக்கப் பெண்கள் வாயாரப் புகழ்வது ஒரு தாதியை. பிரசவமான பின் சுமார் 8 நாட்கள் அவள் வீடு தேடி வருகிறாள். தாயின் உடல்நிலையைக் கவனிக்கிறாள், குழந்தையை நிறுத்துப் பார்க்கிறாள், பாலூட்டக் கற்பிக்கிறாள். தகப்பனாருக்குத் துணி மாற்றும் வித்தையையும் போதிக்கிறாள்! வீட்டு வேலையிலும் கைகொடுப்பாள். அங்கே வசிக்கும் அனைவரும் கட்டாயமாகச் செய்துகொள்ளும் இன்ஷூரன்ஸே இதன் செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது. மணிக்கு ஒரு சிறு தொகைதான் குடும்பத்தின் பங்கு. குழந்தையைக் காண வருவோருக்கு, சர்க்கரை பூசிய சோம்பு விதைகளை ரொட்டி பிஸ்கோத்தின் மேல் தூவிக் கொடுப்பார்கள். அந்த விதைகளுக்குச் 'சுண்டெலிகள்' என்று செல்லப் பெயர்.

நம் வீடுகளில் பாட்டியும் அத்தையும் செய்யும் காரியத்தை, உற்றார் இல்லாத இடத்தில் சமூகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாய் வீட்டின் சுகத்தில் ஒரு பங்கு இந்த ஏற்பாட்டில் அந்நியப் பெண்ணுக்கும் கிட்டுகிறது.

இதில் குறையும் இல்லாமலில்லை. வலியை மரக்கச் செய்ய முதுகில் ஊசி போடுவது அமெரிக்காவில் சர்வசாதாரணம். ஹாலந்தில் மருத்துவச்சியின் துணையுடன் வீட்டிலேயே பிரசவிக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. அவ்வாறு பிரசவிப்பவளுக்கு அந்த ஊசி கிடையாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். பிரசவ வேதனையில் அயல்மொழியில் பேச நேர்வதும் சிறிய துன்பமன்று.

குழந்தை எந்த நாட்டுப் பிரஜை?

ஹாலந்து மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் அந்நியரின் குழந்தை அந்நாட்டுப் பிரஜை ஆகிவிடாது. அமெரிக்கப் பிரஜையாவது பெற்றோரைப் பொறுத்தது. விவாகமான தம்பதிகள் இருவரும் அமெரிக்கப் பிரஜைகளாயின், ஒருவர் முன்பு அங்கே வசித்திருந்தால் போதும். ஒருவர் மட்டுமே பிரஜையாயின், குழந்தை பிறக்குமுன் அவர் மொத்தம் 5 ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அவற்றுள் 2 ஆண்டுகளேனும் 14 வயதுக்குப் பிற்பட்டவையாதல் வேண்டும். 1934 வரையில் இந்த உரிமை தந்தை வழியாகவே கிடைத்தது; பத்து மாதம் சுமந்தவள் வழியாகக் கிடைக்கவில்லை. உரிமையோடு ஒரு பாரமும் குழந்தையின் தலையில் ஏறுகிறது. அமெரிக்க சர்க்கார் தன் பிரஜை உலகில் எங்கே வசித்தாலும் வருமான வரிக் கணக்குக் கேட்கும்!

ராணிப்பேட்டையில் பிறந்த பெண்

கடல் கடந்த தொட்டில்களில் ஒன்று நம் தமிழ்நாட்டிலும் ஆடியது. 1870-ல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷன் வைத்தியர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ வரும்படி மூவர் அடுத்தடுத்து அவரை அழைத்தனர். அவரோ வைத்தியம் பயிலாதவர்; அவர் தந்தையை அழைத்துப் போகவோ, ஆண் என்பதால் அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அமெரிக்காவிலேயே வாழ நினைத்திருந்த ஐடா, அங்கே சென்று 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு திரும்பி வந்து வேலூரில் தம் பணியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் நிறுவினார்.

அன்று நம் பெண்களைக் காக்க அமெரிக்காவிலிருந்து ஒருத்தி வந்தாள். இன்று அந்நாட்டுப் பெண்கள் பிற நாடுகளில் காப்புத் தேடுகிறார்கள் என்று கண்டு நாம் நகைக்கலாகாது. 2018–20 கணக்கின்படி, நம் தேசத்தில் லட்சம் பிறப்புகளுக்கு மாண்ட தாய்மார் 97 பேர். செல்வம் மட்டும் தாயைக் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. பிரசவத்தை ஊரார் அனைவரும் தம் கடமையாகக் கொண்டால் அந்நியப் பெண்ணும் அச்சமின்றிப் பிள்ளை பெறலாம் என்பதற்கு ஹாலந்து சாட்சி. தாய் வீடு என்று ஒன்று இல்லாத பெண்ணுக்கும் இந்த தேசம் தாய் வீடாக இருக்குமா? இதற்கு விடை கூற வேண்டியவர்கள் நாமே.