மாத்திரைக்குள் மறைந்திருக்கும் கோதுமை

கட்டுக்கரைக் குளத்து நீரில் விளைந்த நெல்லை உண்டு வாழ்ந்த மன்னார் மக்களுக்குக் கோதுமை பிற்காலத்தில் வந்து சேர்ந்த தானியமே. இன்று முருங்கன் தொடக்கம் தலைமன்னார் வரை பாணும் பரோட்டாவும் கோதுமை மாப் புட்டும் அன்றாட உணவாகிவிட்டன. பெரும்பாலானோருக்கு இதனால் தீங்கில்லை. ஆயினும் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலரது சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடுகின்றது. சீலியாக் எனப்படும் இந்நோய் வயிற்றோட்டம், இரத்தச்சோகை, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு எனப் பல வடிவங்களில் வெளிப்படும். கோதுமையே இதற்குக் காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். அரிசி உண்ணும் மக்களிடையே இந்நோய் அரிது. அரிதென்பதாலேயே நோயாளியின் ஐயங்களுக்கு விடை கிடைப்பதும் அரிதாகின்றது.

அவ்வாறான ஐயங்களுள் ஒன்று மருந்து பற்றியது. மாத்திரையைக் கட்டிறுக்கவும் வயிற்றில் கரையச் செய்யவும் மாப்பொருள் சேர்க்கப்படுகின்றது. அது பெரும்பாலும் சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ பெறப்படுவது. கோதுமையிலிருந்து பெறப்படுவது குறைவு. கோதுமை மாப்பொருள் சேர்ந்தாலும் ஒரு மாத்திரையில் குளூட்டன் 0.5 மில்லிகிராமைத் தாண்டாது என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2017 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல் வரைவு மதிப்பிட்டது. ஒரு துண்டுப் பாணில் இருப்பதோ ஏறத்தாழ இரண்டு கிராம். ஆகவே அச்சத்தினால் எவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எனினும் நாள்தோறும் பல மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர் விசாரிப்பது நியாயமே.

ஆனால் எதைப் பார்த்து விசாரிப்பது? அரசாங்க வைத்தியசாலைகளில் மாத்திரைகள் சிறு கடதாசி உறையில் வழங்கப்படுகின்றன. உறையில் மருந்தின் பெயரும் உட்கொள்ளும் வேளையும் இருக்கும். சேர்மானங்களின் பட்டியல் அடங்கிய பெட்டி நோயாளியின் கைக்கு எட்டுவதில்லை. விலைமனு மாறும்போது உற்பத்தியாளரும் மாறுகின்றார். எனவே மருந்தாளரிடம் பெட்டியைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்பதே வழி. வெறுமனே 'ஸ்டார்ச்' என்றிருப்பின் எத்தானியத்தினுடையது என வினவ வேண்டும். கப்சியூலின் ஜெலட்டின் எவ்விலங்கினது எனக் கேட்டுப் பழகிய முஸ்லிம் நோயாளருக்கு இது புதிய கேள்வியன்று.

உண்மையில், மாத்திரையைவிட அதிகம் ஐயப்பட வேண்டியவை ஊட்டப் பானங்களே. நோயாளியைப் பார்க்கச் செல்வோர் அன்போடு கொண்டுசெல்லும் ஹோர்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் உண்டு. நெஸ்டமோல்டும் பார்லி மோல்டே. 'மோல்ட்' என்பது பொதுவாக முளைவித்த பார்லியையே குறிக்கும். முஸ்லிம் இல்லங்களில் மதிக்கப்படும் தல்பீனாவும், பலர் விரும்பும் பார்லித் தண்ணீரும் ஏனையோருக்கு நல்லவை; சீலியாக் நோயாளருக்கு ஆகாதவை. தாய்சேய் நிலையங்களில் கிடைக்கும் திரிபோஷாவின் பிரதான தானியம் சோளமாயினும் பொதியை வாசித்தே கொடுப்பது நலம்.

நோய் இருக்குமோ எனச் சந்தேகிப்போர், இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையைக் கைவிட்டுவிடலாகாது, முடிவு பிழைத்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கோதுமை மாப்பொருள் சேர்ந்த மருந்தின் துண்டுப்பிரசுரத்தில் அதனைக் குறிப்பிட்டாக வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, கடதாசி உறையோடு வீடு திரும்பும் நோயாளிக்கும் இத்தகவல் சென்றடைய வழிசெய்தல் வேண்டும்.