கடல் கடந்த வைரம் – 7: ஒரே தடை, இரு வழிகள்

ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளியைச் சுற்றி இன்று ஓசூரின் தொழிற்சாலைகளும் புது மனைகளும் பெருகியிருக்க, அவ்வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர் நிலைக்கும் கதவுக்கும் மரம் தேடி மரவாடிக்குள் நுழைந்தால், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வனங்கள் அதே ஜில்லாவில் இருந்தும், அவர் முன் புரட்டிக் காட்டப்படும் தேக்கு பல சமயம் கானாவிலோ ஈக்வடாரிலோ வளர்ந்ததாகவே இருக்கிறது.

இதன் காரணத்தை அறிய, சீன தேசத்தையும் நம் தேசத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். நீலகிரி ஜில்லா கூடலூர் வனங்களைப் பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவு, அங்கீகாரம் பெற்ற திட்டமின்றி நாடெங்கும் வனமரம் வெட்டுவதை நிறுத்தியது. 1998-இல் யாங்சி நதி பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பிறகு, சீன அரசாங்கமும் அந்நதியின் தலைப்பகுதியில் இயற்கை வனங்களை வெட்டக்கூடாதென்று தடுத்தது. ஆக, இரண்டே ஆண்டு இடைவெளியில் இரு தேசங்களும் தம் காட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அயலார் வனங்களை நாடின.

ஆனால் நாடிய விதம் வேறு. சீனா 1999-இல் மரத்தின் மீதிருந்த இறக்குமதி வரியை நீக்கி, தாய்லாந்தின் ரப்பர் மரப் பலகையையும் அமெரிக்காவின் ஓக் பலகையையும் வரவழைத்து, மேஜை நாற்காலிகளாக்கி உலகத்துக்கே விற்றது. 2010-இல் காபோன் தேசம் உருட்டுமர ஏற்றுமதியைத் தடுத்தபோது, அங்கேயே அறுத்த பலகையை வாங்கிக்கொண்டது. 2018-இல் அமெரிக்காவோடு வரிச்சண்டை மூண்டதும் ஓக் வரத்து சுருங்கியது.

நாமோ வாங்கியதைப் பெரும்பாலும் நம் வீட்டு வாசலுக்கே வைத்துக்கொண்டோம். அதையும் உருட்டுமரமாகவே வாங்கினோம். உருட்டுக்கு 5 சதவீதமும் அறுத்த பலகைக்கு 10 சதவீதமுமாக வைத்த அடிப்படைச் சுங்கவரி ஒரு காரணம். காண்ட்லாத் துறைமுகத்தைச் சார்ந்து வளர்ந்த மர அறுவை ஆலைகள் மற்றொரு காரணம். வைரத்தை, அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதியை, தன் கண்ணால் பார்த்தாலன்றித் திருப்தியடையாத நம் ஆசாரியின் சுபாவம் மூன்றாவது. நமக்குத் தேக்கு அனுப்பிவந்த பர்மா 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுமரத்தை வெளியே விடமறுத்ததும் நம் வியாபாரிகள் திகைத்தார்கள். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா தோட்டங்களின் இளந்தேக்கு அதன் பின்னர் இங்கே மேலும் மலிந்தது. இளமரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு என்பதை ஆசாரி சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. அறுத்த முகப்பில் வெளிறிய வளையம் தானே சாட்சி சொல்லும்.

மரவாடிக் கணக்கையும் சற்றுக் கவனிக்க வேண்டும். உருட்டின் நடுச் சுற்றளவை நூல் பிடித்து, அதில் கால்பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்குவார்கள். நான்கடிச் சுற்றும் பத்தடி நீளமுமுள்ள உருட்டு இப்படிப் பத்துக் கன அடியாகும். உண்மையில் அதில் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் இருக்கும். அந்த மிச்சம் அறுப்புச் சேதத்துக்கு விட்டுக்கொடுத்தது என்பார்கள். விலையில் விட்டுக்கொடுத்தாலும், அந்தத் தூளுக்கும் சிராய்க்கும் சேர்த்தே கப்பலில் இடம் பிடிக்கவேண்டியிருக்கிறது. பலகைக்கு இருமடங்கு வரி விதித்து உருட்டு இறக்குமதியை ஆதரிப்பது, என் அபிப்பிராயத்தில், நம் ஆலைகளுக்குச் சோறு போடுகிறதேயன்றி வீடு கட்டுகிறவனுக்கு உபகாரமல்ல.

மரம் வாங்கப் போகும் வாசகர்கள், விலையைக் கேட்குமுன் எந்த நாட்டு மரம், வைரம் எவ்வளவு, கன அடி உருட்டுக் கணக்கிலா பலகைக் கணக்கிலா என்று கேட்டுவிடுங்கள்.