விலை கூடிய கேபிளில் படம் தெளியுமா?

மாணவர்களே, புதுத் தொலைக்காட்சி வாங்கியதும் கடைக்காரர் இரண்டு எச்.டி.எம்.ஐ. கேபிள்களைக் காட்டுகிறார். ஒன்று 20 வெள்ளி. தங்கமுலாம் பூசிய மற்றொன்று 150 வெள்ளி. "இதில்தான் படம் தெளிவாக இருக்கும்" என்கிறார். அப்பா உங்களைத் திரும்பிப் பார்க்கிறார். என்ன சொல்வீர்கள்?

முதலில் பழைய கேபிளைப் பார்ப்போம். பழைய டிவிடி கருவியின் பின்னால் மூன்று நிற முனைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு. இவை அனலாக் வகை. படத்தின் வெளிச்சம் கூடிக் குறைவதற்கு ஏற்ப, கம்பியில் மின்னழுத்தமும் கூடிக் குறையும். வெளியிலிருந்து மின் இரைச்சல் கலந்துவிட்டால், தொலைக்காட்சியால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. திரையில் கோடுகள் ஓடும். ஆகவே, நல்ல காப்புறை உள்ள கேபிளுக்குக் கூடுதல் விலை கொடுத்ததில் அன்று நியாயம் இருந்தது.

2002-இல் அறிமுகமான எச்.டி.எம்.ஐ. மின்னிலக்க வகை. அதன் முனையில் 19 ஊசிகள் உண்டு. படமும் ஒலியும் 0, 1 என்ற பிட்டுகளாகச் செல்கின்றன. இரைச்சல் மிகுந்த பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நண்பர் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் பதில் சொன்னால், எது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள் அல்லவா? தொலைக்காட்சியும் அப்படித்தான் சிறு இரைச்சலை ஒதுக்கிவிட்டு, அனுப்பிய பிட்டை அப்படியே மீட்டெடுக்கிறது. இரைச்சல் எல்லை மீறினால் படம் மங்குவதில்லை. மின்னும் புள்ளிகள் தோன்றும், அல்லது திரையே இருண்டுவிடும்.

அப்படியானால் கேபிளில் எதைப் பார்க்க வேண்டும்? வேகத்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே திரையில் 3840 × 2160 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 24 பிட். வினாடிக்கு 60 படங்கள். பெருக்கினால் வினாடிக்கு ஏறக்குறைய 12 ஜிகாபிட் வரும். துணைத் தகவல்களையும் சேர்த்தால் சுமார் 18 ஜிகாபிட். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' கேபிள் சரியாக இந்த வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது. வினாடிக்கு 120 படங்கள் காட்டும் விளையாட்டுக் கருவி இருந்தால், 48 ஜிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' தேவைப்படும்.

நீளமும் முக்கியம். செப்புக் கம்பி நீள நீளச் சமிக்ஞை வலுவிழக்கும். தொலைக்காட்சிக்கு அருகிலேயே கருவி இருந்தால் 2 மீட்டர் போதும். 15 மீட்டர் வேண்டுமென்றால் ஒளியிழைக் கேபிளை நாடலாம்.

தங்கமுலாம் வீண் என்று சொல்ல முடியாது. தங்கம் காற்றுடன் வினைபுரிந்து கறுக்காது. அதனால் முனை நெடுநாள் உழைக்கும். ஆனால், படத்தை அது மெருகூட்டாது.

எனவே, கடையில் விலைச் சீட்டைப் பார்க்கும் முன் பெட்டியில் உள்ள சான்று முத்திரையைத் தேடுங்கள். அதிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடிச் சரிபாருங்கள். 20 வெள்ளிக் கேபிளில் உங்களுக்குத் தேவையான சான்று இருந்தால், அப்பாவிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "இதுவே போதும்!"