சனிக்கிழமை மாலை நான்கு மணி: இங்கிலாந்து மல்யுத்தத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

காத்தவராயன் கூத்து நடைபெறும் இரவில், முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் மூதாட்டியார் ஒருவரிடம், "முடிவு தெரிந்த கதையை ஏன் ஆச்சி விடிய விடியப் பார்க்கிறீர்கள்?" என்று நாம் வினவினால் அவர் நம்மைப் பார்த்து நகைப்பார். காத்தான் கழுமரம் ஏறுவான் என்பதை அவர் அறிவார். அறிந்திருந்தும் அவன் ஏறும்போது அவர் கண்கள் கலங்கும். கூத்தின் சுவை முடிவில் இல்லை; அம்முடிவை நோக்கி ஆடிச் செல்லும் வழியில் இருக்கிறது.

இவ்வுண்மையை மனத்திற் கொள்வோமாயின், இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பங்களைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கட்டி வைத்திருந்த ஒரு விளையாட்டின் கதை நமக்கு எளிதில் விளங்கும். சனிக்கிழமை மாலை நான்கு மணி. உதைபந்தாட்ட முடிவுகளுக்காகத் தந்தையார் காத்திருப்பார். பாட்டியாரும் பேரக்குழந்தைகளும் தேநீருடன் வந்து அமர்வர். மணி ஒலிக்கும், மல்லர் இருவர் கோதாவில் இறங்குவர். அதன்பின் முக்கால் மணி நேரம் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை.

அந்த மல்யுத்தத்தை நடத்தியது 'ஜொயின்ற் புரமோஷன்ஸ்' என்னும் கூட்டமைப்பு. அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

தளபதி வகுத்த விதிகள்

1930ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் 'ஓல்-இன்' மல்யுத்தம் என்ற பெயரில் ஒருவகைப் போட்டி பரவியிருந்தது. விதிகள் பெயரளவிலேயே இருந்தன. கூட்டத்தைக் கவர்வதற்காக நாளுக்கு நாள் முரட்டுத்தனம் பெருகியது, கலை குறைந்தது. ஈற்றில் அதிகாரிகள் பல மண்டபங்களில் அதனைத் தடை செய்தனர்.

யுத்தம் முடிந்தபின், 1947இல், அட்மிரல் மவுண்டெவன்ஸ் பிரபுவின் தலைமையிற் கூடிய குழுவொன்று புதிய விதிகளை வகுத்தது. தளபதி ஸ்கொற்றின் தென்துருவப் பயணத்தில் உடன் சென்ற வீரர் இவர். அவர் பெயர் தாங்கிய விதிகள் மல்லரை ஏழு எடைப் பிரிவுகளாக வகுத்தன. போட்டி சுற்றுச் சுற்றாக நடைபெறும். எதிரியை இருமுறை வீழ்த்துபவர், அல்லது இருமுறை பணியச் செய்பவர் வெற்றி பெறுவார். மூன்றாவது பகிரங்க எச்சரிக்கை பெற்றவரை மத்தியஸ்தர் வெளியேற்றுவார். முரட்டுக் காட்சியாக இருந்தது மீண்டும் விளையாட்டின் உருவத்தைப் பெற்றது.

1952இல் நாட்டின் பல பகுதிகளிலும் இருந்த ஏற்பாட்டாளர்கள் ஒன்றுகூடி மேற்சொன்ன கூட்டமைப்பை நிறுவினர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகுவதில்லை. மல்லரை மட்டும் தமக்குள் மாற்றிக் கொள்வர். இவ்வேற்பாட்டால், இன்று இலண்டனில் பொருதிய வீரர் நாளை வடக்கே ஒரு சிற்றூரில் தோன்றுவார். நகர மண்டபங்களிலும் பழைய அரங்குகளிலும் காட்சிகள் நடந்தன. குளிர்காலத்தில் பொது நீச்சற் குளங்களைப் பலகையால் மூடி, அப்பலகையின் மீதும் கோதா அமைத்தனர்.

இக்கலைக்கு ஒரு வேர் இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த விகன் என்னும் ஊரிலே பில்லி றைலி என்பவர் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். 'பாம்புக் குழி' என்று பெயர் பெற்ற அவ்விடத்தில், சுரங்கத் தொழிலாளரின் மைந்தர்கள் பூட்டுப் பிடிகளையும் அவற்றை விடுவிக்கும் உபாயங்களையும் உடல் நோகக் கற்றனர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பில்லி றொபின்சன் அங்கே பயின்றவரே. கோதாவிற் காட்டப்படுவது காட்சியாயினும், அதன் அடியில் உண்மையான வித்தை இருந்தது.

வீடு புகுந்த கோதா

1955 செப்டெம்பரில் இங்கிலாந்தின் முதல் வர்த்தகத் தொலைக்காட்சியான ஐ.ரி.வி. ஆரம்பமாயிற்று. அது பிறந்து இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், அவ்வாண்டு நவம்பர் 9ஆம் திகதி, இலண்டன் வெஸ்ற் ஹாம் நீச்சல் மண்டபத்திலிருந்து மல்யுத்தம் ஒளிபரப்பாயிற்று. வர்ணனையாளர் கென்ற் வோல்ற்றன் அமைதியான குரலில் ஒவ்வொரு பிடியின் பெயரையும் சொல்லி, அதிலிருந்து மீளும் வழியையும் விளக்குவார். அவர் தொடக்க ஆண்டிலிருந்து இறுதி ஆண்டாகிய 1988 வரை அப்பணியைச் செய்தார். 1965 ஜனவரியில் 'வேர்ல்ட் ஒவ் ஸ்போட்' என்னும் சனிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியபோது, மல்யுத்தம் அதில் நிலையான இடம் பெற்றது.

மல்லர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி வேடம் பூண்டிருந்தனர். கறுத்த தலைமயிரும் குறுகிய உருவமும் கொண்ட மிக் மக்மானஸ், மத்தியஸ்தர் மறுபுறம் திரும்பும் கணத்தில் விதியை மீறுவதில் வல்லவர். அவரை வெறுப்பதற்காகவே மக்கள் பணம் கொடுத்து வந்தனர். பொன்னிறக் குடுமியை நாடாவினாற் கட்டி வரும் ஜாக்கி பலோ அவருடைய பரம எதிரி. ஸ்கொத்லாந்தின் டண்டி நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் கிட் உருவத்திற் சிறியவர். உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொண்டு அவர் கிடப்பார். எங்கே பிடிப்பதென்று அறியாது எதிரி திகைத்து நிற்பார். கென்டோ நாகசாகி என்னும் முகமூடி வீரர் ஆண்டுக் கணக்கில் முகத்தை மறைத்திருந்து, 1977 டிசெம்பரில் வுல்வஹாம்ற்றன் நகரில் ஒரு சடங்கு போல அம்முகமூடியைத் தாமே களைந்தார்.

மண்டபங்களின் முன்வரிசையில் இருந்தவர்களுள் வயது முதிர்ந்த பெண்மணிகள் பலர். தங்கள் வீரனை ஒருவன் வஞ்சனையால் வீழ்த்தினால், கைப்பையாலும் குடையாலும் அவனை அடிக்க அவர்கள் தயங்குவதில்லை. 1963இல் எடின்பரோக் கோமகன் பிலிப், றோயல் அல்பேட் மண்டபத்தில் நடந்த மல்யுத்தக் காட்சிக்கு வருகை தந்தார். நீச்சற் குளத்துப் பலகையின் மேல் வளர்ந்த விளையாட்டு அரச குடும்பத்தையும் ஈர்த்துவிட்டது.

இங்கே ஒரு வினா எழும். வெற்றி தோல்விகள் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை அல்லவா? ஆம், பெரும்பாலும் அவ்வாறே. ஜாக்கி பலோவே 1985இல் வெளியிட்ட தம் நூலில் அதனை ஒளிக்காது எழுதினார். ஆயினும், இவ்விளையாட்டைக் கொன்றது அந்த இரகசியம் வெளிப்பட்டமை அன்று. கூத்துப் பார்க்கும் நம் ஆச்சிக்குத் தெரிந்தது ஆங்கிலேயப் பாட்டிக்கும் தெரிந்தே இருந்தது. நோய் வேறிடத்திலிருந்து வந்தது.

பெரிய அப்பா

காலம் செல்லக் கூட்டமைப்பை நிறுவிய முதியவர்கள் தம் பங்குகளை விற்று ஓய்வு பெற்றனர். பந்தயத் தொழில் நடத்தும் பெருநிறுவனம் ஒன்றின் கைக்கு அது மாறியது. மல்யுத்தத்தை அறிந்த ஒருவர் தேவைப்பட்டபோது, 1975 அளவில், யோர்க்சயரைச் சேர்ந்த மக்ஸ் கிராப்ற்றியிடம் பொறுப்பு வந்தது. அவருக்கு ஷேர்லி என்றொரு தமையனார் இருந்தார். பெயர் பெண்ணின் பெயர், உருவமோ மலை. எடை 360 இறாத்தலுக்கு மேல். 1930இல் பிறந்த அவர் இளமையில் மல்யுத்தம் செய்து, இடையில் விலகி, மீண்டும் வந்தவர். 'பிக் டடி', அதாவது 'பெரிய அப்பா' என்ற பெயருடன் அவர் கோதாவில் ஏறினார். அவர் அணிந்த முதல் உடைகளுள் ஒன்றை அவர் மனைவியார் வீட்டுச் சாய்மனை இருக்கையின் பூத்துணியைக் கொண்டு தைத்தார் என்பர்.

தொடக்கத்தில் தீயவராக நடித்த பெரிய அப்பா, சில ஆண்டுகளிற் குழந்தைகளின் செல்லப் பிள்ளையானார். மண்டபங்கள் நிரம்பின. சிறுவர் சிறுமியர் அவர் பெயரை ஓதிக் கூவினர். சோர்ந்திருந்த தொழிலுக்கு அவர் புத்துயிர் அளித்தார் என்பதை நாம் மறைத்தல் தகாது.

ஆனால், அவரால் நெடுநேரம் பொருத இயலாது. ஆகவே ஒரு சூத்திரம் உருவாயிற்று. இரட்டையர் போட்டி, அவருக்குத் துணையாக மெலிந்த இளைஞன் ஒருவன். தீயவர் இருவரும் அவ்விளைஞனை வேண்டிய மட்டும் வதைப்பர். ஈற்றில் அவன் தவழ்ந்து வந்து பெரிய அப்பாவின் கையைத் தொடுவான். அவர் உள்ளே புகுந்து வயிற்றால் இடித்துத் தள்ளி, வீழ்ந்தவன் மீது விழுவார். மணி ஒலிக்கும். அடுத்த வாரமும் அதுவே. அடுத்த ஆண்டும் அதுவே.

1981 ஜூனில் இலண்டன் வெம்பிளி அரங்கில் அவர் ஜயன்ற் ஹேஸ்ராக்ஸ் என்பவரை எதிர்த்தார். அப்பெயருக்கு 'இராட்சத வைக்கோற்போர்' என்று பொருள் கூறலாம். ஏழடிக்கு ஓரங்குலமே குறைந்த உயரமும் 500 இறாத்தலைத் தாண்டிய எடையும் கொண்ட அம்மனிதருக்கு அப்பெயர் பொருத்தமே. பல மாதங்களாக எதிர்பார்க்கப்பட்ட அப்போட்டி மூன்று நிமிடத்துக்குள் முடிந்து போயிற்று. மலையும் மலையும் மோதின. மல்யுத்தம் எங்கேயும் காணப்படவில்லை.

சூத்திரத்தின் விலையை மற்றவர்கள் செலுத்தினர். தீயவராக வந்தவர் எத்துணை வல்லவராயினும், பெரிய அப்பாவின் முன் சில நிமிடங்களில் வீழ வேண்டும். வீழ்ந்தபின் அவரை யார் அஞ்சுவர்? ஆறு சுற்றுகள் நுணுக்கமாகப் பொருதும் சிறிய உருவினர் நிகழ்ச்சியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். ஊதியமும் போதவில்லை, முதன்மைக்கு வரும் வழியும் அடைபட்டிருந்தது. விகனை அடுத்த ஊரில் வளர்ந்த உறவுமுறைச் சகோதரர் இருவர், 'டைனமைற் கிட்' எனப்பட்ட தொம் பில்லிங்ற்றன் 1978இலும், டேவி போய் ஸ்மித் 1981இலும், கனடாவின் கல்கரி நகரை நோக்கிப் புறப்பட்டனர். உள்நாட்டில் எஞ்சிய வல்லவர் பலர் பிறையன் டிக்சன் என்பவரின் போட்டி நிறுவனத்திற் சேர்ந்தனர். கூட்டமைப்பின் கோதாவில் ஒருவருடைய நிழல் மட்டும் பெரிதாகி வந்தது.

கதவு அடைபட்டது

1985 செப்டெம்பரில் 'வேர்ல்ட் ஒவ் ஸ்போட்' நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. மல்யுத்தம் தனி நிகழ்ச்சியாகத் தொடர்ந்தது. ஆயினும் நான்கு மணி என்னும் பழைய ஆசனம் போயிற்று. ஒளிபரப்பு நேரம் மாறி மாறி வந்தமையால், குடும்பங்களின் வழக்கம் குலைந்தது. 1987இல் ஒளிபரப்பைக் கூட்டமைப்பு, டிக்சனின் நிறுவனம், அமெரிக்காவின் டபிள்யு.டபிள்யு.எவ். ஆகிய மூன்றும் பகிர்ந்து கொண்டன. வண்ண விளக்கும் பேரிசையும் முழங்க வந்த அமெரிக்க மல்லரைப் பார்த்த சிறுவருக்கு, நகர மண்டபத்தின் மங்கிய கோதா பழைய பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் கிறேற் யாமத் நகரில் ஒரு துயரம் நேர்ந்தது. பெரிய அப்பாவுடன் பொருதிய மல் கேர்க் என்பவர், வழக்கமான அந்த இறுதி வீழ்ச்சிக்குப்பின் எழவில்லை. மரண விசாரணையில், அவருக்குக் கடுமையான இருதய நோய் முன்னரே இருந்தமை வெளிப்பட்டது. ஷேர்லி கிராப்ற்றி மீது குற்றமில்லை என்றும் முடிவாயிற்று. எனினும், குழந்தைகளை மகிழ்விக்க வந்த மனிதருக்கு அது ஆறாத மனப்புண்ணாயிற்று.

1988இல் ஐ.ரி.வி.யின் விளையாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த கிறெக் டைக், மல்யுத்தத்தை நிறுத்தத் தீர்மானித்தார். அது பழைய இங்கிலாந்துத் தொழிலாளர் வாழ்வின் சாயலை உடையது, நவீனத் தொலைக்காட்சிக்கு ஒவ்வாதது என்பது அவர் கருத்து. இலட்சக்கணக்கானோர் அப்பொழுதும் பார்த்துக் கொண்டிருந்தனர். ஆனால் விளம்பரதாரர் விரும்பிய இளைஞரும் செல்வரும் அவர்களுள் அதிகம் இல்லை. அவ்வாண்டு டிசெம்பரில் இறுதி மணி ஒலித்தது.

பாட்டிமார் பார்க்கிறார்கள் என்பதே ஒரு குற்றமாகுமா என்று நாம் கேட்கலாம், கேட்பது நியாயமே. ஆயினும் அக்கதவு அடைபட்டபோது, வேறொரு வாயிலைத் திறக்கக் கூட்டமைப்பிடம் ஆள் இருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதான ஒருவரே அதன் முழு மூலதனம். 1993இல் நோயுற்று அவர் ஓய்வு பெற்றார். பெயர் மாற்றி நடந்த அந்நிறுவனம் இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. 1997இல் ஷேர்லி கிராப்ற்றி காலமானார்.

வெம்பிளியில் ஓர் இரவு

இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. 1992 ஆகஸ்ட் 29ஆம் திகதி, இலண்டன் வெம்பிளி விளையாட்டரங்கில் டபிள்யு.டபிள்யு.எவ். ஒரு பெருங்காட்சியை நடத்தியது. திரண்டவர் எண்பதினாயிரத்துக்கு மேல் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இறுதிப் போட்டியில் வென்று, ஆங்கிலேயர் அனைவரும் எழுந்து ஆரவாரிக்க நின்றவர் யார்? பதினொரு ஆண்டுகளுக்கு முன் கல்கரிக்குச் சென்ற டேவி போய் ஸ்மித். பெரிய அப்பாவின் துணையாக நின்று, அவர் கையைத் தொடத் தவழ்ந்த இளைஞர்களுள் அவரும் ஒருவர்.

மல்யுத்தம் ஒளிபரப்பிலிருந்து மறைந்து நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் அவ்வளவு கூட்டம் திரண்டது. ஆகவே மக்களின் விருப்பம் இறந்துவிடவில்லை. அதற்கு ஈடுகொடுக்க வல்ல வீரனும் அந்நாட்டிலேயே பிறந்திருந்தான். அவனை வைத்துக்கொள்ளவே கூட்டமைப்பால் முடியவில்லை.

நம் ஊர்களிலே கூத்துப் பழக்கும் அண்ணாவியார், தாமே எத்துணை சிறந்த ஆட்டக்காரராயினும், வயலிலிருந்து வரும் இளைஞனுக்குத் தாளம் தட்டிச் சொல்லிக் கொடுத்து, அவனுக்கு முடிசூட்டி, தாம் பின்னே நின்று பாடுவார். ஆச்சி அடுத்த ஆண்டும் பாயுடன் வருவது அதனாலேதான்.