பைலட் கனவா... ஃபீஸ் கட்டுவதற்கு முன் இந்த 5 நிமிட கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள்களில் டாக்டர், இன்ஜினீயர் பேச்சுக்கு நடுவே இப்போது இன்னொரு வார்த்தையும் வீடுகளில் அடிபடுகிறது... பைலட்!

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல. அங்கிருந்து விமானம் ஏற வேண்டுமென்றால் திருச்சிக்குத்தான் போக வேண்டும். ஆனால், விமானப் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்கள் வீடு தேடி செல்போனுக்கே வந்துவிடுகின்றன. வணிக விமானி உரிமம் வாங்கி முடிக்க ஆகும் செலவு அரைக் கோடி ரூபாயை ஒட்டியும், அதைத் தாண்டியும் போகிறது. நெல்லும் முந்திரியும் நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது நிலம், நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்த தொகை.

அவ்வளவு பெரிய முடிவை எடுக்கும் முன்பு, ஒரு சின்னப் புத்தகத்தைப் பிள்ளையின் முன்னால் விரித்துப் பார்த்துவிட வேண்டும். அதில் இருப்பது பல நிறப் புள்ளிகளால் ஆன வட்டங்கள். வட்டத்துக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். அந்த எண் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தெரியாவிட்டால் விமானி உரிமத்துக்கான மருத்துவச் சான்று கிடைப்பதே சிக்கலாகிவிடும்.

கண்ணில் என்ன நடக்கிறது?

'நிறக்குருடு' என்று நாம் சொன்னாலும், இது பார்வையின்மை அல்ல. உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது மிக மிக அரிது. பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில்தான்.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றில் ஒரு வகை இல்லாமல்போனாலோ, சற்று மாறி வேலை செய்தாலோ சில நிறங்கள் ஒன்றுபோலத் தெரியும். பச்சை இலைகளுக்கு நடுவே சிவந்து தொங்கும் முந்திரிப் பழம் சட்டென்று கண்ணில் படாது. புல்தரையில் உருண்டுபோன சிவப்பு கிரிக்கெட் பந்தைத் தேட வேண்டியிருக்கும். பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் பிரிக்கச் சொன்னால் தயங்குவார்கள்.

எழுத்து, தூரம், உருவம் எல்லாம் தெளிவாகத் தெரிவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் பார்ப்பதால், 'மற்றவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள்' என்றே அந்தப் பிள்ளையும் நினைத்திருக்கும். அணுக் கொள்கையைத் தந்த விஞ்ஞானி ஜான் டால்டனுக்கும் இந்தக் குறைபாடு இருந்தது. 1794-ல் தன் கண்ணைப் பற்றித் தானே உரை நிகழ்த்தினார் அவர். காரணத்தைக் கண்டறிய, தான் இறந்த பிறகு கண்ணைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-ல் ஆராய்ந்தபோது, பச்சையை உணரும் கூம்பு செல் அவருக்கு இல்லை என்பது உறுதியானது.

தாய்மாமனைக் கேளுங்கள்!

சிவப்பு, பச்சையை உணரும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது என்றால் ஈடுகட்ட வேறு இல்லை. பெண்ணுக்கு இரண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். இதனால்தான் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கும் இது காணப்படுகிறது. இந்தியாவில் விகிதம் இதைவிடக் குறைவு என்றாலும், ஆண்களிடம்தான் அதிகம் என்பதில் மாற்றமில்லை.

மகனுக்கு எக்ஸ் குரோமோசோம் வருவது அம்மாவிடமிருந்து. எனவே, அம்மா வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ நிறம் பிரிப்பதில் குழப்பம் இருந்தால், பையனைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். குறைபாட்டுக்கான மரபணுவைச் சுமக்கும் அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நம் ஊர்களில் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஒரே குடும்பத்து மரபணு இரண்டு பக்கமும் சேரும்போது, பெண் குழந்தைகளுக்கும் வர வாய்ப்பு கூடுகிறது.

பிறவியில் வருவதற்கு இன்று அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. பெரியவர்களுக்கு நடுவயதில் புதிதாக நிறக் குழப்பம் வந்தால் அது வேறு கதை. கண் நரம்புப் பிரச்னை, கண் அழுத்த நோய், காசநோய்க்குத் தரப்படும் எத்தம்புடால் மாத்திரையின் பக்க விளைவு எனக் காரணங்கள் இருக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வானத்தில் நிறத்துக்கு என்ன வேலை?

இரவில் விமான நிலையமே நிறங்களால்தான் பேசுகிறது. ஓடுபாதை தொடங்குமிடத்தில் பச்சை விளக்குகள், முடியுமிடத்தில் சிவப்பு. விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையின் ஓரத்தில் நீலம். எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை. அதை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று விமானி கணிக்கிறார். ரேடியோ பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் சிவப்பு, பச்சை, வெள்ளை ஒளிதான் உத்தரவு. விமானி அறைத் திரைகளிலும் ஆபத்துக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு ஆம்பர்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓடுபாதையின் பக்கத்தில் வரிசையாக இருக்கும் நான்கு 'பாபி' விளக்குகள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறது. நான்கும் வெள்ளை என்றால் அதிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு.

2002 ஜூலை 26. அமெரிக்காவின் டலஹாசி விமான நிலையத்தில், விடியும் முன் இருட்டில் இறங்க வந்த ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் காயங்களோடு உயிர் தப்பினர். விமானத்தை இறக்கிய துணை விமானியிடம் முறையான மருத்துவச் சான்று இருந்தது. ஆனால், 'பாபி' விளக்குகளின் சிவப்பையும் வெள்ளையையும் பிரித்தறிவதில் அவருடைய நிறப் பார்வைக் குறைபாடு இடையூறாக இருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. சரியான இறங்கு பாதையை விமானிகள் காக்கத் தவறியதே விபத்துக்கு முதன்மைக் காரணம். களைப்பு உள்ளிட்ட மற்ற காரணங்களோடு, நிறப் பார்வைக் குறைபாட்டையும் விசாரணை அமைப்பு பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் நடைமுறை என்ன?

விமானி உரிமம் தருவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. பிளஸ் டூ-வில் இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் விதி. வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்.

மருத்துவத்தில் இரண்டு படிகள். முதலில் 'கிளாஸ் 2'. டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இதை எடுக்கலாம். அடுத்தது வணிக விமானிகளுக்கான 'கிளாஸ் 1'. பெங்களூரு, டெல்லியில் உள்ள விமானப்படை மருத்துவ மையங்களிலும், டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த சில மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது. இதயம், காது, ரத்தம், எக்ஸ்ரே, கண் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். 'கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது' என்று பலரும் நினைக்கிறார்கள். சர்வதேச விதிப்படி, கண்ணாடி அணிந்து ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வை கிடைத்தால் பயணிகள் விமானம் ஓட்டத் தடையில்லை. விமானப்படையின் கண் விதிகள் தனி. அவை இதைவிடக் கடுமையானவை.

நிறப் பார்வைக்கு முதல் சோதனை, ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளி அட்டைகள். நூறாண்டு தாண்டியும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. இதில் தவறினாலே எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விமானப் போக்குவரத்தில் பயன்படும் வண்ண விளக்குகளைச் சரியாக அடையாளம் காண முடிகிறவருக்குத் தகுதி தரலாம் என்கிறது சர்வதேச விதி. அதற்காகத்தான் விளக்குத் தேர்வு. நம் விமானப்படை மையங்களில் இதற்குப் பயன்படுவது 'மார்ட்டின் லாண்டர்ன்'. இருட்டறையில், தூரத்தில், சின்னத் துளை வழியே வரும் ஒளி எந்த நிறம் என்று சொல்ல வேண்டும். குறைபாடு லேசாக இருப்பவர்களில் சிலர் இதில் தேறுவதுண்டு.

அட்டை எண்களை மனப்பாடம் செய்வதும், நிறக் கண்ணாடி, நிற லென்ஸ் வாங்குவதும் வீண் வேலை. வண்ண லென்ஸ் அணிந்து எடுக்கும் தேர்வு செல்லாது. ஏமாற்றித் தேறினாலும், டலஹாசியில் மரங்களுக்கு மேலே அந்த விமானம் இருந்த இடத்தில் ஒருநாள் நூறு பயணிகளோடு இருக்க நேரிடலாம்.

மற்ற நாடுகளில்...

'புள்ளி அட்டையில் எண் தெரியாதவரால் விமானம் ஓட்டவே முடியாதா?' என்ற கேள்வி பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. ஆஸ்திரேலியாவில் நிறப் பார்வைக் குறைபாடுள்ள விமானிகள் தீர்ப்பாயத்துக்குப் போய் 1980-களின் இறுதியில் பெரிய தளர்வைப் பெற்றனர். இப்போது அங்கே, நிஜமான பறக்கும் சூழலில் விமானியின் திறனை மதிப்பிடும் வழியும் இருக்கிறது. லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் உருவான 'சி.ஏ.டி.' என்ற கணினித் தேர்வு, குறைபாடு எந்த அளவு என்பதையே அளந்து சொல்கிறது. அமெரிக்காவில் 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்கு இப்படிப்பட்ட கணினித் தேர்வுகள்தான்.

இவை நம்பிக்கை தரும் மாற்றங்கள். ஆனால், இந்திய உரிமத்துக்கு டி.ஜி.சி.ஏ. விதிதான் செல்லும். வெளிநாட்டு விதியைக் காட்டி, 'பார்த்துக்கலாம், சேர்ந்துடுங்க' என்று யாராவது சொன்னால், மருத்துவச் சான்றைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

தரையிலும் மாறும் விதிகள்

ரயில் ஓட்டும் லோகோ பைலட் வேலைக்கும் நிறப் பார்வை கட்டாயம். ஆனால், எல்லா வேலைக்கும் இதே அளவுகோல் சரியா என்று நீதிமன்றங்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான இளைஞர் ஒருவருக்கு, நிறப் பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இந்தக் குறைபாடு இல்லை. இருந்தும், அவருக்கு ஏற்ற வகையில் பணி தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திரைப்படக் கல்லூரிப் படிப்புகளில் இருந்த தடையும் 2022-ல் அதே நீதிமன்றத்தால் தகர்ந்தது. லேசான, மிதமான குறைபாடுள்ளவர்கள் வாகன ஓட்டுநர் உரிமம் பெற 2020-ல் மத்திய அரசு வழிவிட்டது.

முதல் வேலை இதுதான்!

பத்தாம் வகுப்பு படிக்கும்போதே பரிசோதித்துவிடுவது நல்லது. பிறவியில் இருந்தால் அது வயதோடு மாறப்போவதில்லை. விக்கிரமங்கலம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கண் பிரிவில் 'நிறப் பார்வை பார்க்க வேண்டும்' என்று கேளுங்கள். செல்போன் திரையில் வரும் புள்ளிப் படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். திரையின் நிறமும் வெளிச்சமும் போனுக்குப் போன் மாறும்.

அதில் தேறினால் அடுத்து கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. இரண்டும் கையில் வந்த பிறகே பயிற்சிப் பள்ளியும் வங்கிக் கடனும். 'தற்காலிகத் தகுதியின்மை' என்று வந்தால் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

தேறவில்லை என்றால்? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கும் நிறப் பார்வை கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால், விமானங்களை வடிவமைக்கும் பொறியியல், விமான நிலைய நிர்வாகம் என வேறு கதவுகள் இருக்கின்றன. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் விமானப் பொறியியல் படித்த ஒரு ராமேஸ்வரத்து இளைஞர், 1958-ல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். தேர்வானவர்கள் எட்டுப் பேர். அவர் ஒன்பதாவது. அப்துல் கலாமைத் தடுத்தது கண் அல்ல, ஓர் இடம். ஆனாலும் வலி ஒன்றுதான். ராக்கெட்டுகளின் பக்கம் போன அவர், 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில் புனேவில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

கலாமுக்கு விடை தேர்வு நாளிலேயே தெரிந்துவிட்டது. வேறு வழியைத் தேட வயதும் மிச்சம் இருந்தது. உங்கள் பிள்ளைக்கும் விடை சீக்கிரம் தெரியட்டும். நிலத்துப் பத்திரம் வங்கிக்குப் போகும் முன்பு, பிள்ளை ஒருமுறை கண் மருத்துவரிடம் போய் வரட்டும்.